கதை சொல்ல வருகிறவரிடம் பிரதி கேட்காதீர்கள்

புத்தகத் திருவிழாவின் கதைசொல்லல் போட்டியை நடத்தும் குழுவினருக்கு, இந்த மாவட்டத்தின் எழுத்தாளர் வட்டங்களும் கதைசொல்லிக் குழுக்களும் சேர்ந்து எழுதும் திறந்த மடல்

மன்றங்களுக்கிடையிலான இந்த ஆண்டுப் போட்டிக்கு நீங்கள் அனுப்பியிருக்கும் விதிமுறைத் தாளைப் படித்தோம். கதையை 800 முதல் 1000 சொல்லுக்குள் தட்டச்சு செய்து 10 நாளுக்கு முன்பே ஒப்படைக்க வேண்டும். மேடையில் அதை 5 நிமிடத்துக்குள் சொல்லிவிட வேண்டும். பிரதியை விட்டு விலகினால் மதிப்பெண் குறையும். 'இலக்கியத் தரம்' என்று 30, 'பிரதியோடு ஒத்துப்போதல்' என்று 20, 'பிழையற்ற தமிழ்' என்று 10. மூன்றுமே தாளைக் கையில் வைத்துக்கொண்டு போடுகிற மதிப்பெண். ஆக, நூற்றில் 60 தாளுக்குப் போய்விடுகிறது. எழுந்து நின்று, முகம் பார்த்து, கதை சொல்வதற்கு மிச்சம் 40. போட்டியின் பெயர் மட்டும் இன்னும் 'கதைசொல்லல்' என்றே இருக்கிறது.

இந்த விதியை எங்களால் ஏற்க முடியாது. ஏன் என்பதை விளக்கமாகவே எழுதுகிறோம். இதை வகுத்தவர்கள் கெட்ட எண்ணத்தில் வகுக்கவில்லை என்று எங்களுக்குத் தெரியும்.

சென்ற ஆண்டு இறுதிச் சுற்றில் இதை வெள்ளோட்டம் விட்டீர்கள். அன்று அரங்கில் இருந்த எல்லோரும் பார்த்தது இது. கிணற்றுக்குள் விழுந்த ஆட்டுக்குட்டியை மேலே தூக்கக் கயிறு இறக்குகிற இடம். முன்வரிசைப் பிள்ளைகள் நாற்காலி விளிம்புக்கு வந்துவிட்டார்கள். நடுவர் மேசையில் மூன்று தலைகளும் குனிந்தே இருக்கின்றன. ஆளுக்கொரு பிரதி. பேனா முனை வரி வரியாக இறங்குகிறது. சொல் மாறுகிற இடத்தில் ஒரு சுழி. தாளில் 'வடம்' என்று இருந்ததைக் 'கயிறு' என்று சொன்னதற்கு ஒரு சுழி. அப்போது ஒரு பிள்ளை எழுந்து, "குட்டி செத்துருச்சா?" என்று கேட்டது. கதைசொல்லி குனிந்து அந்தப் பிள்ளையின் கண்ணைப் பார்த்து, "இல்ல சாமி, கத்துது கேளு" என்றார். கூடாரமே ஒரு நொடி காதைத் தீட்டிக்கொண்டது. அந்த வரி பிரதியில் இல்லை. பிறகு நீங்கள் மன்றங்களுக்குக் காட்டிய மதிப்பெண் தாளில் அந்த இடத்துக்கு அரை மதிப்பெண் கழித்திருந்தது.

அந்த இரவில் சொல்லப்பட்டவற்றிலேயே உயிரோடு இருந்த வரிக்கு விழுந்த கழிவு அது.

கதைசொல்லி கதையைச் சொல் சொல்லாக மனப்பாடம் செய்வதில்லை. 5 நிமிடக் கதையை ஐந்தாறு காட்சிகளாகப் பிரித்துக்கொள்வார். நெட்டுருவாக வைத்திருப்பவை நான்கே: முதல் வாக்கியம், கடைசி வாக்கியம், ஆட்களின் பெயர்கள், கதையில் திரும்பத் திரும்ப வருகிற தொடர். மற்றதெல்லாம் அன்றைக்கு எதிரில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து வருவது. கிழவிகள் நிறைய இருந்தால் மாமியார் வரும் காட்சி நீளும். பள்ளிப் பிள்ளைகள் என்றால் அதே காட்சி ஒரு வரியில் முடிந்து நரி சீக்கிரம் வந்துவிடும். எங்கே சிரிப்பு வருகிறது, எங்கே இருமல் வருகிறது என்று காது கவனித்துக்கொண்டே இருக்கும். இருமல் வந்தால் கதை தொய்கிறது என்று பொருள். அடுத்த காட்சிக்குத் தாவ வேண்டும்.

சொல்லை நம்பி மேடையேறுகிறவருக்கு ஒரு சொல் நழுவினால் அடுத்த சொல்லும் வராது. மூன்று வரி பின்னால் போய் மறுபடி ஓடி வருவார், வகுப்பில் செய்யுள் ஒப்பிக்கும் பிள்ளை மாதிரி. அவர் கண் கூட்டத்தை விட்டு மேலே, கூடாரத்தின் கம்பியில் நிலைகுத்தி நிற்கும். அங்கேதான் அவர் தாளைப் படித்துக்கொண்டிருக்கிறார். காட்சியை நம்பி வருகிறவருக்குச் சொல் நழுவினால் வேறு சொல் கிடைக்கும். நழுவியது நமக்குத் தெரியவே தெரியாது. உங்கள் விதி முதலாமவரை உருவாக்குகிறது, இரண்டாமவரைத் தண்டிக்கிறது.

நம்மூரில் கதை கேட்கிறவர் 'ம்' கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் பாட்டி நிறுத்திவிட்டு, "தூங்கிட்டியா?" என்று கேட்பாள். வில்லுப்பாட்டில் அந்த 'ம்'முக்கென்றே ஆள் உண்டு. புலவர் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர்கள் 'ஆமா' போடுவார்கள். கேட்பவரின் குரலுக்கு இடம் விட்டே நம் கதைகள் கட்டப்பட்டிருக்கின்றன. 10 நாளுக்கு முன்பு தட்டச்சு செய்த தாளில் அந்த இடத்தை எப்படிக் காட்டுவது?

வெளியூர்ச் சான்று வேண்டுமென்றால் அதுவும் உண்டு. 1930களில் மில்மன் பாரி என்ற அமெரிக்க அறிஞர், மாணவர் ஆல்பர்ட் லார்டையும் துணைக்கு வைத்துக்கொண்டு, யூகோஸ்லாவியாவின் காப்பியப் பாடகர்களை ஒலிப்பதிவு செய்தார். 'ஒரு சொல் மாறாமல் அதையே பாடுவேன்' என்று உறுதியாகச் சொன்ன பாடகர்களின் இரண்டு பதிவுகளை ஒப்பிட்டால் வரிகள் வேறு வேறாக இருந்தன. அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்குக் 'கதை அதே' என்றால் 'சொல் அதே' என்று பொருளில்லை. வாயால் கதை சொல்கிறவர்கள் பலரின் கணக்கும் இதுதான்.

இது கதைசொல்லிக் குழுக்களின் வழக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். எழுத்தாளர் வட்டங்களும் கையெழுத்திடக் காரணம் இருக்கிறது. எழுத்தில் இப்படி ஒரு வாக்கியம் வரலாம்: 'பொழுது சாய்ந்துகொண்டிருந்த வேளையில், தோளில் கிடந்த துண்டை உதறியபடியே, நாலு நாளாக யாரும் திறக்காத அந்த வீட்டுக்குள் நுழைந்தான் மாரியப்பன்.' கண்ணுக்கு இதில் சிரமமில்லை. வேண்டுமானால் திரும்பிப் போய்ப் படிக்கும். காதுக்குத் திரும்பிப் போக வழியில்லை. யார் என்று தெரியாமலே பொழுதையும் துண்டையும் நாலு நாளையும் சுமந்துகொண்டு கடைசிச் சொல் வரை காத்திருக்க வேண்டும். தமிழில் வினையெச்சமும் பெயரெச்சமும் எவ்வளவு வேண்டுமானாலும் முன்னால் அடுக்கிக்கொண்டே போகலாம் என்பதால் நமக்கு இந்தச் சிக்கல் அதிகம். இதே ஆள் வாயால் சொன்னால் என்ன ஆகும்? "பொழுது சாயுது. மாரியப்பன் வர்றான். துண்டை ஒரு உதறு. வீடு நாலு நாளாப் பூட்டிக் கிடக்கு. தள்ளுறான்." ஆள் முதலில் வந்துவிட்டான், இறந்தகாலம் நிகழ்காலமாகிவிட்டது, ஒரு வாக்கியம் ஐந்தாகிவிட்டது. உங்கள் ஒத்துப்போதல் கணக்கில் இவ்வளவும் பிழை. எழுத்தாளர் என்ன செய்வார்? போட்டிக்காகப் பேச்சுநடையில் ஒரு பிரதி எழுதித் தருவார். அதற்கு 'இலக்கியத் தர'த்தில் குறைத்துப் போடுவீர்கள். எந்தப் பக்கம் போனாலும் இடி.

'பிழையற்ற தமிழ்' என்ற 10 மதிப்பெண்ணையும் இதோடு சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது. சென்ற ஆண்டு 'வந்தாக', 'இருக்காவ' என்ற இடங்களிலெல்லாம் சுழி விழுந்திருந்தது. ஆடு மேய்க்கிற கிழவி 'வந்தார்கள்' என்று சொல்ல மாட்டாள். சொல்ல வைத்தால் கிழவி செத்துப்போவாள். பிறகு மேடையில் மிஞ்சுவது கதைசொல்லி மட்டுமே. லகர, ளகர, ழகரம் தெளிவாக விழுகிறதா, வாக்கியத்தின் கடைசிச் சொல் காற்றில் கரையாமல் பின்வரிசை வரை போகிறதா என்று பாருங்கள். அதற்கு 10 கொடுங்கள், மகிழ்ச்சி. வட்டார வழக்கைப் பிழையென்று எண்ணாதீர்கள்.

இனி உங்கள் பக்கத்துக் காரணங்கள். பிரதி கேட்பதற்கு மூன்று சொன்னீர்கள்: மேடையில் யாரும் வில்லங்கமாகப் பேசிவிடக் கூடாது, அடுத்தவர் கதையைத் தன் கதை என்று சொல்லிவிடக் கூடாது, நேரம் கைமீறக் கூடாது. மூன்றும் நியாயமான கவலை. மூன்றுக்குமே பிரதி மருந்தில்லை.

முதல் இரண்டுக்கு ஒரு பக்கப் படிவம் போதும். கதையின் தலைப்பு, 100 சொல்லில் சுருக்கம், கதை எங்கிருந்து வந்தது என்ற விவரம். நாட்டார் கதையென்றால் எந்த ஊரில், எந்த உறவில் கேட்டது. அச்சில் வந்ததென்றால் யார் எழுதியது, எந்த இதழ், அவர் இசைவு தந்திருக்கிறாரா. சொந்தக் கதையென்றால் அப்படி ஓர் உறுதிமொழி. சாதியையோ மதத்தையோ உயிரோடிருக்கும் தனி ஆளையோ இழிவுபடுத்தினால் நடுவர் தலைவர் கதையை நிறுத்தலாம் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். தாளில் ஒழுங்காக எழுதித் தந்துவிட்டு மேடையில் வேறு பேச நினைப்பவரைப் பிரதி தடுக்கப்போவதில்லை. நிறுத்தும் அதிகாரம்தான் தடுக்கும்.

நேரத்தைப் பொறுத்தவரை, பிரதி விதி நிலைமையை இன்னும் மோசமாக்குகிறது. நிதானமாகக் கதை சொல்கிறவர் தமிழில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 80, 90 சொல்தான் சொல்வார். இடையில் மௌனம் உண்டு, சிரிப்புக்கு இடம் உண்டு. 5 நிமிடத்துக்கு 400லிருந்து 450 சொல். நீங்கள் கேட்பது குறைந்தது 800. அதை ஒரு சொல் விடாமல் 5 நிமிடத்துக்குள் சொல்ல வேண்டுமானால் ஏலக்காரர் வேகத்தில் ஓட வேண்டும். சென்ற ஆண்டு பலர் அப்படித்தான் ஓடினார்கள். அதற்கு 'உணர்ச்சி வெளிப்பாடு போதவில்லை' என்று குறிப்பு எழுதினீர்கள்.

விதிமுறைத் தாளின் முகப்பில் 'பன்னாட்டு நடைமுறைப்படி' என்று போட்டிருக்கிறது. 1997இல் நியூயார்க்கில் தொடங்கிய 'தி மாத்' அமைப்பின் போட்டி மேடையில் கதையைத் தாளைப் பார்த்துப் படிக்கக் கூடாது, சொல்லத்தான் வேண்டும். 5 நிமிடம், அதற்கு மேல் 1 நிமிடம் சலுகை. மதிப்பெண் போடுவது பார்வையாளர்களிலிருந்து எடுக்கப்படும் நடுவர் அணிகள். சிகாகோவில் மார்க் ஸ்மித் தொடங்கி, 1986 முதல் கிரீன் மில் அரங்கில் நடந்துவரும் கவிதைப் போட்டியிலும் நடுவர்கள் கூட்டத்திலிருந்தே வருகிறார்கள். அந்த வழியில் வந்த போட்டிகளில் வழக்கமாக 5 நடுவர். உச்ச மதிப்பெண்ணையும் கடைமதிப்பெண்ணையும் தள்ளிவிட்டு நடுவில் உள்ள மூன்றைக் கூட்டுவார்கள். பிரதியோடு ஒத்துப்போதலுக்கு இந்த இரண்டு இடத்திலும் மதிப்பெண் இல்லை.

அந்த ஐந்து பேர் கணக்கை இங்கேயும் எடுத்துக்கொள்ளலாம். இப்போது உங்களிடம் 3 நடுவர். ஒருவருக்கு 9, 8.5, 4 விழுந்தால் மொத்தம் 21.5. இன்னொருவருக்கு 7.5, 7.5, 7 விழுந்தால் 22. இரண்டு பேருக்கு மிகவும் பிடித்த கதையை ஒருவருடைய 4 கவிழ்த்துவிட்டது. இதுவே ஐந்து பேர் என்றால்? 9, 8.5, 8.5, 8, 4 என்பதில் 9ம் 4ம் தள்ளுபடி, மீதி 25. மற்றவருக்கு 7.5, 7.5, 7.5, 7, 7 என்றால் தள்ளியது போக 22. ஒரே ஆளின் விருப்பு வெறுப்பு முடிவை அவ்வளவு எளிதில் திருப்ப முடியாது. தன் மன்றத்துக்கு 10 போடுகிற நடுவரின் 10ம் இதில் தானாகவே விழுந்துவிடும்.

முதலில் சொல்கிறவர் பெரும்பாலும் நஷ்டப்படுகிறார் என்பதையும் கவனியுங்கள். நடுவர்கள் ஆரம்பத்தில் கையை இறுக்கிப் போடுவார்கள், இரவு ஏற ஏறத் தாராளமாவார்கள். போட்டியில் இல்லாத ஒருவர் முதலில் ஒரு கதை சொல்ல, அதற்கு நடுவர்கள் மதிப்பெண் போட்டு, அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் எல்லோருடைய அளவுகோலும் ஒரு நிலைக்கு வரும். குலுக்கல் மேடையில், எல்லோர் முன்னாலும் நடக்கட்டும். இரண்டாம் சுற்றில் வரிசையை அப்படியே தலைகீழாக்கிவிடுங்கள்.

இனி மணி. 5 நிமிடமா 7 நிமிடமா என்பதில் எங்களுக்குச் சண்டையில்லை. 5 போதும் என்றால் 5. ஆனால் 4வது நிமிடத்தில் அடிக்கிற அந்தப் பித்தளை மணி வேண்டாம். பட்டிமன்றத்தில் மணி அடித்தால் பேச்சாளர் 'நிறைவாக' என்று முடித்துக்கொள்ளலாம். கதையில் 4வது நிமிடம் என்பது பெரும்பாலும் முடிச்சு அவிழ்கிற இடம். மணி அடித்தவுடன் கூட்டம் மொத்தமும் மேசையைத் திரும்பிப் பார்க்கிறது. சொல்கிறவர் மீண்டும் அவர்களைக் கதைக்குள் இழுக்க அரை நிமிடம் ஆகும். அவரிடம் இருப்பதே ஒரு நிமிடம். கூட்டத்தின் முதுகுக்குப் பின்னால், மேடைக்கு நேர் எதிரே, மூன்று விளக்கு வையுங்கள்: 4 நிமிடத்தில் பச்சை, நாலரையில் மஞ்சள், ஐந்தில் சிவப்பு. கடிகாரம் பெயர் கூப்பிடும்போது ஓட வேண்டாம், முதல் சொல்லில் ஓடட்டும். சிவப்புக்குப் பின் 30 நொடி சலுகை. கைதட்டலும் சிரிப்பும் தின்ற நேரத்துக்கு அது ஈடு. அதற்கு மேல் ஒவ்வொரு 10 நொடிக்கும் அரை மதிப்பெண் கழியுங்கள். யாரும் முறையிட மாட்டோம்.

ஒலிபெருக்கி பற்றியும் சொல்லாமல் முடியாது. நல்ல கதைகள் அதிகம் செத்தது அங்கேதான். மாலை 5 மணிக்குப் பாட்டு நிகழ்ச்சி முடிகிறது, 6 மணிக்குக் கதை. பாட்டுக்காக மிக்சரில் ஏற்றி வைத்த எக்கோவை யாரும் இறக்குவதில்லை. பாட்டுக்கு அது அழகு. பேச்சில் ஒவ்வொரு சொல்லின் வாலும் அடுத்த சொல்லின் தலையில் ஏறுகிறது. தகரக் கூரை தன் பங்குக்கு இன்னொரு எதிரொலி சேர்க்கிறது. மூன்றாம் வரிசைக்குப் பின்னால் மெய்யெழுத்துகள் கரைந்து ஒரு முழக்கம்தான் கேட்கும். எக்கோ குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்ப ஒரு நொடி போதும். அதைத் திருப்பச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். பேச்சுமேடையில் பொருத்தியிருக்கும் மைக்கும் கதைக்கு ஆகாது. வாயிலிருந்து ஒரு சாண் விலகினாலே குரல் விழுந்துவிடும் என்பதால் நரியாக மாறித் தலையைத் திருப்பும்போதெல்லாம் நரி ஊமையாகிவிடுகிறது. காலர் மைக் கொடுங்கள். அதை முந்தானையோ சங்கிலியோ உரசாத இடத்தில் குத்திவிட ஒரு பெண் தொண்டர் இருக்கட்டும். ஸ்பீக்கர் பெட்டி சொல்கிறவரின் முதுகுக்குப் பின்னால் இருந்தால் மைக் ஊளையிடும். இரண்டு பெட்டியையும் மேடை விளிம்புக்கு முன்னால் தள்ளுங்கள். கதை நடக்கிற நேரத்தில் 'இன்ன அரங்கில் இத்தனை சதவீதத் தள்ளுபடி' என்கிற விளம்பரக் குழாய்களை அந்தக் கூடாரத்துப் பக்கம் மட்டும் அணைத்துவையுங்கள். காணாமற்போன குழந்தையைப் பற்றிய அறிவிப்பு வந்தால் கடிகாரத்தை நிறுத்துங்கள்.

உங்கள் பதிவுப் படிவத்தின் கடைசி வரி எங்களில் பலருடைய கண்ணில் முதலில் படவில்லை. 'ஒப்படைக்கும் பிரதி, ஒலி, ஒளிப்பதிவு ஆகியவற்றின் அனைத்து உரிமையும் குழுவுக்கே' என்கிறது அது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி கதையின் உரிமை எழுதியவருடையது. அவர் வாழ்நாளும் அதன் பின் 60 ஆண்டும் அது நிற்கும். மேடையில் சொல்கிறவருக்கும் நிகழ்த்துநர் உரிமை என்று அதே சட்டத்தில் தனி உரிமை இருக்கிறது. உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில், எந்தப் படைப்பு, எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நாட்டெல்லை, என்ன தொகை என்றெல்லாம் குறிப்பிட வேண்டும். காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டு, எல்லை சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். இதைவிட நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. பெரும்பாலான இதழ்களும் சிறுகதைப் போட்டிகளும் வேறெங்கும் வெளிவராத கதையைத்தான் கேட்கின்றன. சென்ற ஆண்டு ஒப்படைத்த பிரதிகளை நீங்கள் முழுதாக இணையத்தில் ஏற்றினீர்கள். அந்தக் கதைகளை அவற்றை எழுதியவர்கள் இனி அப்படி எங்கும் அனுப்ப முடியாது. ஓர் ஆண்டு உழைப்பு, கேட்காமலே போய்விட்டது.

நாங்கள் கேட்பவை இவை.

எழுத்துப் பிரதி விதியையும் 'பிரதியோடு ஒத்துப்போதல்' மதிப்பெண்ணையும் முழுவதுமாக நீக்குங்கள். அதற்குப் பதில் மேலே சொன்ன ஒரு பக்கப் படிவத்தை வாங்கிக்கொள்ளுங்கள். நடுவர் மேசையில் வெற்று மதிப்பெண் தாளைத் தவிர வேறு தாள் இருக்க வேண்டாம். 100 மதிப்பெண்ணைக் கதையின் கட்டுக்கு 30, சொல்லும் திறத்துக்கு 40, கேட்பவரோடு உள்ள உறவுக்கு 20, சொல் தெளிவுக்கு 10 என்று பிரியுங்கள். ஒவ்வொரு நடுவரின் மொத்தத்தையும் பத்தால் வகுத்தால் மேலே காட்டிய ஐவர் கணக்கு அப்படியே பொருந்தும். 5 நடுவரில் இரண்டு பேராவது எந்த மன்றத்திலும் இல்லாத வாசகர்களாக இருக்கட்டும். அன்று புத்தகம் வாங்க வந்த ஓர் அம்மாவும் ஒரு கல்லூரி மாணவரும் போதும்.

உரிமை வரியை எடுத்துவிட்டு, 'நிகழ்ச்சியின் ஒளிப்பதிவைத் திருவிழாவின் விளம்பரத்துக்கு ஓர் ஆண்டு பயன்படுத்தலாம்' என்று மட்டும் எழுதுங்கள். அதற்கு ஒப்புகிறவர் ஒரு கட்டத்தில் குறியிடட்டும், ஒப்பாதவரைப் போட்டியிலிருந்து தள்ள வேண்டாம். சென்ற ஆண்டுப் பிரதிகளை இணையத்திலிருந்து 7 நாளுக்குள் இறக்குங்கள்.

விளக்குகளும் இரண்டு காலர் மைக்குகளும் எங்கள் குழுக்களிடமே இருக்கின்றன. வாடகை வேண்டாம், எடுத்து வந்து பொருத்தித் தருகிறோம். போட்டிக்கு முந்தைய ஞாயிறு, நடுவர்களுக்கு அரை நாள் பயிற்சி வையுங்கள்: மூன்று கதை கேட்டு, தனித்தனியே மதிப்பெண் போட்டு, ஏன் போட்டோம் என்று தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும். சொல்வதற்கு ஆள் நாங்கள் தருகிறோம்.

பதிவு முடிகிற நாளுக்கு ஒரு வாரம் முன்பாவது எழுத்தில் பதில் வேண்டும். அதுவரை எங்கள் 7 மன்றங்களும் பதிவுப் படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட்டு வைத்திருப்போம். பிரதியை மட்டும் இணைக்க மாட்டோம்.

இப்படிக்கு,
எழுத்தாளர் வட்டங்கள் நான்கும்
கதைசொல்லிக் குழுக்கள் மூன்றும்